மிக அமைதியான நிலையம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அங்கே உன் உடம்பு, உன் கடைவாய்ப் பல், உன் பூமி மூன்றும் எப்படி இருக்கின்றன?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் காது இங்கே இருந்தாலும் கண் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. போன வாரம் பேச்சுக்கு நடுவில், "வாசல்ல ஒரு யானை வந்து நிக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிக்கா, உள்ள கூப்பிட்டு உட்காரச் சொல்லு" என்றாய். கடிதமென்றால் படித்து முடிக்கும்வரையாவது இரண்டு கண்ணும் என்னிடம் இருக்கும்.

மாடிப்படிக்குக் கீழே உன் ஆபீஸ்காரர்கள் வைத்துவிட்டுப் போன பூகம்பம் அளக்கும் பெட்டி பத்திரமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூசி துடைக்கிறேன். பக்கத்தில் தும்மினால்கூட உன் திரையில் தெரியும் என்று நீ பயமுறுத்தியதிலிருந்து வெங்காயக் கூடையைக்கூட அங்கே வைப்பதில்லை. பாறைமேல் வீடு கட்டினால் ஈரம் ஏறாது என்று கட்டினோம். கடைசியில் உலகம் ஆடுவதையெல்லாம் அளக்கும் வீடாகப் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இந்த வீட்டுப் படி மிதித்து மூன்று வருஷமாகிறது. "அவன் மூஞ்சி மறந்துபோறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லு" என்கிறார் உன் அத்தான். அவர் வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம். இந்த வருஷம் நீ வந்தாக வேண்டும். சாக்குச் சொல்லாமல் பதில் எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. பூமி வழக்கம்போல் ஆடுகிறது. உங்கள் இருவர் நலத்துக்கும் எழுது.

வர ஆசைதான். ஆனால் லீவு கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கேயாவது ஓர் இடம் ஆடிவிடுகிறது. எத்தனை தடவை ஆடும் என்று அத்தான் முன்பொரு நாள் கேட்டார். கருவிகள் இடம் கண்டுபிடித்துச் சொல்லும் அளவுக்கு ஆடுவது உலகம் முழுக்க ஒரு நாளைக்கு ஐம்பது சொச்சம். வருஷத்துக்கு இருபதாயிரம். யாரும் உணராத பொடி ஆட்டங்களையும் சேர்த்தால் லட்சக்கணக்கில் போகும். ரிக்டர் அளவில் ஏழைத் தாண்டும் பெரிய ஆட்டம் வருஷத்துக்குப் பதினைந்து வாக்கில் வரும். எட்டு என்றால் சராசரியாக ஒன்று. நான் ஊரில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அந்த ஒன்று வந்துவிட்டால் எங்கள் பதிவு அறைத் தலைவி மேடம் என்னைச் சும்மா விடமாட்டார். அறையில் நாங்கள் இருப்பதே இரண்டு பேர்.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். அத்தான் காலையில் ஹாலில் கயிறு தாண்டுகிறாரே, அது பெட்டிக்கு ஒரு சுவர்தான் தள்ளி. அங்கே தங்கிப் படித்த காலத்தில் எனக்கு அலாரமே அந்தச் சத்தம்தான். இப்போது அது என் திரையில் வருகிறது. தூரத்து ஆட்டம் மெதுவாக, நீளமாக வரும். அத்தான் தையல் போட்டதுபோல் ஒரே இடைவெளியில் வெடுக் வெடுக்கென்று வருகிறார். அந்த நேரத்தில் பக்கத்து மலையில் நடக்கும் சின்ன ஆட்டங்கள் எல்லாம் அவருக்கு அடியில் அமுங்கிப்போகின்றன. தினமும் நான் அந்தத் துண்டின்மேல் 'வீட்டு இரைச்சல், நீக்குக' என்று குறித்து வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. பின்பக்க முற்றத்தில் போய்க் குதிக்கச் சொல். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரான அவருக்கு நான் கட்டளையிட முடியாது. நீ சொன்னால் கேட்பார்.

உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பல் பிடுங்கிய இடத்தில் வீக்கம் வற்றியதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

உன் கடிதத்தை உன் அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் சொன்னால் கேட்பார் என்று எழுதியிருந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு நாளைக்கு ஐம்பது இடம் ஆடுதாம். அங்கெல்லாம் போய் நிறுத்துன்னு சொன்னானா? நான் ஐம்பத்தோராவது. பின்பக்கம் சேறு. வழுக்கி விழுந்தா அவனா தூக்குவான்?"

மறுநாளிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குதிக்கிறார். "இது பூகம்பத்தாருக்கு" என்று சொல்லிக் கடைசியில் நான்கைந்து தாண்டல் பலமாகப் போடுகிறார். சமையலறையில் டம்ளர்கள் ஆடுகின்றன. டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரை மறந்துபோகிறது, கயிறு மட்டும் மறப்பதில்லை. சொன்னால், "வேர்த்தா பிரஷர் இறங்கிடும்" என்கிறார். எந்தப் புத்தகத்தில் படித்தாரோ.

எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று என்று கேள்விப்பட்டோம், இப்போது பேப்பரைத் திறந்தால் பூகம்பமாக இருக்கிறதே, உலகம் முடியப்போகிறதா என்கிறார். முடிவதாக இருந்தால் வாங்கிய துணிகளைத் தைக்காமல் விட்டுவிடலாம் என்று பார்க்கிறார் போலிருக்கிறது.

அலை ஓய்ந்து கடலாட முடியுமா? பூமி ஆடிக்கொண்டுதான் இருக்கும். நீ எப்போது வருகிறாய்?

உன் அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வீக்கம் வற்றிவிட்டது. அத்தான் மாத்திரையைச் சரியாகப் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்.

தையல்காரரிடம் துணிகளைத் தைக்கச் சொல். பூகம்பம் கூடவில்லை. கேட்கும் காதுகள்தான் கூடியிருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன் உலகம் முழுக்கச் சில நூறு கருவிகள்தான் இருந்தன. ஆளில்லாத மலையில் பூமி ஆடினால் யாருக்கும் தெரியாது. இப்போது மாடிப்படிக்கு அடியில்கூடப் பெட்டி இருக்கிறது. பெரிய ஆட்டங்களின் கணக்கு எடுத்தால் ஒரு வருஷம் கொஞ்சம் கூடும், ஒரு வருஷம் குறையும், மொத்தத்தில் பழைய அளவுதான்.

அந்தக் கடைசி நான்கைந்து தாண்டல்களும் வந்து சேர்ந்தன. மேடம் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "இது என்ன, கல் உடைக்கிறாங்களா?" என்றார். எங்கள் அத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா, விளையாட்டு இல்லை. அந்த நிலையத்தைச் சிபாரிசு செய்தவன் நான். இப்படியே போனால் பெட்டியை எடுத்துவிடுவார்கள்.

காலாண்டு அறிக்கை முடியட்டும், லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு மாதமாக உன் கடிதமே இல்லை. போன் பண்ணினாலும், "அடுப்புல வேலையா இருக்கேன், எழுதுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கோபமா?

கோபமாக இருந்தாலும் நீ செய்த காரியத்துக்கு நன்றி. போன மாதக் கடைசியிலிருந்து காலைக் குதிப்பு சுத்தமாக நின்றுவிட்டது. அத்தான் என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்பதை நம்பவே முடியவில்லை. அது மட்டுமில்லை, மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்கும் சத்தமும் இல்லை. பகலில்கூட உன் வீடு தியான மண்டபம்போல் இருக்கிறது. போன வாரம் அரைப்புள்ளி அளவுக்கு ஒரு பொடி ஆட்டம். வேறு எந்த நிலையத்திலும் விழாதது உன் வீட்டில் அழகாக விழுந்திருக்கிறது. மேடமே, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது எட்டு அளவு ஆட்டத்தைவிட அபூர்வம்.

அத்தானிடம் சொல், நான் கடன்பட்டிருக்கிறேன் என்று. ஊருக்கு வரும்போது அவருக்குப் புதுக் கயிறு ஒன்று வாங்கி வருகிறேன். பின்பக்க முற்றத்துக்கு.

உன் தம்பி

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இல்லை. கொஞ்சம் அலைச்சல், அதனால் எழுத முடியவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்து சந்தோஷம்.

ஆமாம், கயிறு தாண்டுவதை நிறுத்திவிட்டார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். கட்டிலை மாடியிலிருந்து ஹாலுக்கு இறக்கிவிட்டோம். தையல்காரரும் அவர் மனைவியும் ஒரு கை கொடுத்தார்கள். மாடியில் வெயில் ஜாஸ்தி. கீழே என்றால் ஏறி இறங்க வேண்டாம். அதனால்தான் உனக்குப் படிச் சத்தம் வருவதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போவதையும் கோடை லீவுக்கு முன்பே நிறுத்திவிட்டார். இடது கையால் எழுதிப் பழகுகிறார். பொழுது போக வேண்டுமே.

நிறைய நாள் தங்க வேண்டாம். இரண்டு நாள் லீவு கிடைத்தாலும் போதும், வந்துவிட்டுப் போ.

உன் அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெயில் இங்கேயும் மண்டையைப் பிளக்கிறது.

இடது கையால் எழுதப் பழகுகிறாரா? ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போதே லீவு போட்டுவிட்டுப் பொழுதுபோக்குத் தேட ஆரம்பித்துவிட்டாரா? சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். அடுத்து தலைகீழாக நிற்பார், பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்.

லீவு கேட்டு எழுதிய தாளைக் கையில் எடுத்தபோதுதான் ஏழரை அளவில் ஒன்று வந்தது. கடலுக்கு அடியில் என்பதால் ஆள் சேதம் இல்லை. ஆனால் பெரியது ஒன்று வந்தால் அதன் பின்னால் குட்டிகள் நூற்றுக்கணக்கில் வரும், மாதக்கணக்கில் வரும். ஒவ்வொன்றையும் பிரித்துக் குறிக்க வேண்டும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பூமி கொஞ்சம் அடங்கட்டும்.

ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் நிலையங்களில் இரைச்சல் மிகக் குறைந்தது எது என்று வருஷா வருஷம் பார்த்து ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். இந்தத் தடவை உன் வீட்டுப் பெயரை நான் எழுதி அனுப்பினேன். கிடைத்துவிட்டது. தபாலில் வரும். அத்தானின் தியாகத்துக்குப் பலன் என்று சொல்லி அவரிடம் கொடு.

உன் தம்பி

*

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். சான்றிதழ் வந்தது. மடங்காமல் இருக்க அட்டை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

'மிக அமைதியான நிலையம்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. உன் அத்தான் அதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். தையல்காரர் ஆணி அடித்தார். படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆணி அடித்த சத்தம் உனக்கு வந்திருக்கும். இரைச்சல் என்று குறித்திருப்பாய்.

ஜனவரியிலிருந்து நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். இனி நான் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜூலை 26

அக்கா,

நேற்று போனில் கேட்டேன். "எல்லாம் எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் நானும் எழுதுகிறேன்.

சான்றிதழ் கொடுத்த நிலையத்தின் பதிவுகளை வருஷ அறிக்கையில் சேர்ப்பதற்கு முன் மேடம் ஒருமுறை சரிபார்ப்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வீட்டு இரைச்சல் படிப்படியா குறையலை. மார்ச் மாசம் ஒரே நாள்ல குறைஞ்சிருக்கு. பெட்டியை இடம் மாத்தினாங்களா, இல்ல பெட்டியே கெட்டுப்போச்சா? காரணம் எழுதணும்" என்றார். காரணம் எனக்குத் தெரியும், அத்தான் முற்றத்துக்குப் போய்விட்டார் என்றேன். "முற்றத்துல குதிச்சாலும் பெட்டி எடுக்குமே, லேசாவாவது. பதிவுல அது எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும் தோன்றவில்லை.

அந்த நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். காலையில் கயிறு ஆரம்பிக்கிறது. ஒரே சீராக வருகிறது. பிறகு பெரிதாக ஒன்று. அதற்குப் பின் கயிறு இல்லை. கொஞ்ச நேரத்தில் சின்னக் காலடிகள், வேகமாக, அங்குமிங்கும். அது நீ. வாசல்வரை போகிறாய், திரும்பி வருகிறாய், மறுபடியும் போகிறாய். பிறகு பல பேருடைய கால்கள். அப்புறம் சாயங்காலம்வரை வீட்டில் ஒருவருமே இல்லை.

அந்தத் துண்டின்மேல் என் கையால் குறித்திருக்கிறது: 'வீட்டு இரைச்சல், நீக்குக.'

கட்டிலைக் கீழே இறக்கினீர்கள் என்று எழுதினாய். இடது கை என்று எழுதினாய். இரண்டையும் படித்துவிட்டு நான் நையாண்டி எழுதி அனுப்பினேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. அத்தான் எப்படி இருக்கிறார்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

லீவு தாளை நீட்டினேன். மடிப்பு விழுந்து கிழியும் நிலையில் இருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு, "ஆடுறது நிக்கட்டும்னு காத்திருந்தா இந்த ஆபீஸ்ல யாரும் வீட்டுக்கே போக முடியாதுப்பா" என்று கையெழுத்துப் போட்டார். வேறு ஊர் நிலையத்திலிருந்து ஒருவர் மாற்றாக வர வேண்டும். அவர் வந்ததும் ஆகஸ்ட் பத்தாம் தேதி கிளம்புகிறேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. இப்போது தேறிவருகிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பக்கவாதம். வலது பக்கம். குதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நான் சமையலறையில் இருந்தேன். கயிறு நின்றதை நான் கவனிக்கவில்லை, அந்தப் பெரிய சத்தம்தான் கேட்டது. தையல்காரர் ஓடிவந்தார், வண்டி பிடித்தார். நல்ல மனுஷன், உலகம் முடியவில்லை என்று நீ எழுதியதிலிருந்து உன்மேல் அவருக்கு மரியாதை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பேச்சு குழறியது, இப்போது பரவாயில்லை. போன வாரம் முதல் கைத்தடியோடு ஹாலில் நான்கடி நடக்கிறார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சிரிக்காமல் கிடந்தார். அப்போதுதான் "அத்தான் என் பேச்சைக் கேட்டுவிட்டார்" என்று நீ எழுதிய கடிதம் வந்தது. படித்தேன். விழுந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. பாதி வாயால் சிரித்தார். "சொல்லாதே. அவன் சொல்லி நான் கேட்டுட்டேன்னு சந்தோஷமா இருக்கான், இருக்கட்டும்" என்றார். பிறகு ஒருநாள், "பரிதாபப்பட்டு வர்றதுன்னா வேண்டாம். சும்மா வரணும்னு தோணி வரட்டும்" என்றார். அதனால்தான் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், காரணம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டும்போது கடைசி வரியில் எழுதிவிடலாமா என்று கை துடிக்கும்.

எனக்குக் கோபம்தான். உன்மேல் கொஞ்சம், அவர்மேல் அதிகம். தனியாகத்தான் எல்லாம் பார்த்தேன். நீ வந்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து நன்றாக அழப் போகிறேன், அதற்கும் சேர்த்து லீவு போட்டுக்கொண்டு வா.

அவர் முன்னால் மட்டும் நீ அழாதே. கயிறு வாங்கி வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியாது. வாங்கி வா.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 24

நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நிலை முன்னேறிவருகிறது என்று தங்கள் மைத்துனர் மூலம் அறிந்தேன். மேலும் நலம் பெற வேண்டுகிறேன்.

தங்கள் வீட்டு நிலையத்தின் பதிவுகளில் இம்மாதம் பன்னிரண்டாம் தேதிமுதல் இரைச்சல் மிகவும் அதிகரித்துள்ளது. முக்கியமாகக் காலை வேளையில் யாரோ குதிப்பதுபோன்ற அதிர்வு வருகிறது. இது முன்பு வந்துகொண்டிருந்த அதிர்வு அல்ல. முன்னது ஒரே சீராக இருந்தது. இவர் பழக்கமில்லாதவர். நான்கைந்துக்கு ஒருமுறை தடுக்கி நிற்கிறார், ஒருமுறை விழுந்தும் இருக்கிறார்.

ஒவ்வொரு குதிப்புக்கும் பின்னால் தரையில் சிறிதாக ஒரு தட்டும் பதிவாகிறது. அது என்னவென்று மாற்றாக வந்திருப்பவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. இரண்டுக்கும் காரணம் தெரிவித்தால் பதிவில் சரியாகக் குறிக்க இயலும். இந்நிலை நீடித்தால் சான்றிதழைத் திரும்பப் பெற நேரிடும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பதிவு அறைத் தலைவி

*

செப்டம்பர் 1

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பூமியும் நலமா? இடது கை எழுத்து, கோணலுக்கு மன்னிக்கவும். மூன்று நாளாக எழுதுகிறேன்.

குதிப்பது என் மச்சினன். தட்டுவது நான். கட்டிலில் உட்கார்ந்து கைத்தடியால் தரையில் தட்டி எண்ணுகிறேன். உலகம் முழுக்க ஆடுவதை எண்ணுகிறவனுக்குத் தான் குதிப்பதை எண்ணத் தெரியவில்லை. ஏழுக்கு அடுத்து ஒன்பது என்கிறான். அதனால் எண்ணும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். விழுந்ததும் அவன்தான். அடி ஒன்றுமில்லை. என் மனைவி சிரித்த சத்தமும் அன்றைக்குப் பதிவாகியிருக்கும், பாருங்கள்.

சான்றிதழை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆணி இருக்கட்டும், கயிறு மாட்ட உதவும்.

இரண்டையும் வீட்டு இரைச்சல் என்றே குறித்துக்கொள்ளுங்கள். சரியான பெயர் அதுதான்.

ஒரு வேண்டுகோள். இதுவரை அவன் இருபதைத் தாண்டவில்லை. இன்னும் ஒரு வாரம் லீவு நீட்டித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்விலிருக்கும் டிரில் மாஸ்டர்